வால் உடைந்த ‘மு’

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு மாதம் ஒரு முறையாவது போய்விடுவேன். இடித்த வீடுகளின் தூண்களும் நிலைக்கதவுகளும் மங்குச் சட்டிகளும் பீங்கான் ஜாடிகளும் கடை வாசல் வரை வழிந்து கிடக்கும் தெரு அது. தூண் வாங்கும் வசதி எனக்கு இல்லை. வாங்கினாலும் நிறுத்த இடம் இல்லை. நான் தேடிப் போவது காகிதம்: சினிமாப் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், போஸ்டர்.

போன மாதம் போனபோது, வழக்கமாக நுழையும் கடையில் ஒரு பையன் தரையில் குந்தியிருந்தான். முன்னால் ஒரு பழைய போஸ்டர் விரித்துக் கிடந்தது. முப்பதுக்கு நாற்பது அங்குலம். கதாநாயகி விளக்கு ஏந்தி நிற்கிறாள்; அவள் தோளுக்குப் பின்னால் வில்லனின் முகம் பச்சையும் கறுப்புமாக. மடிப்பு விழுந்த இடங்களில் மட்டும் காகிதம் விரிசல் விட்டிருந்தது. அடியில் ரோஸ் நிறத் தாளில் ஒரு ஸ்லிப். அந்த ஸ்லிப்பின் மேல் ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, பட்டி பார்க்கும் தகட்டால் அவன் மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“தம்பி, நிறுத்து” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த கடைக்காரர் எழுந்து வந்தார்.

“இல்லை அக்கா, கேட்டவர்கள் சுத்தமாக வேண்டும் என்கிறார்கள். ஓட்டலில் சட்டம் போட்டு மாட்டப் போகிறார்கள். அடியில் கொட்டகைப் பெயரும் தேதியும் இருந்தால் அழுக்காகத் தெரிகிறதாம்.”

விலையைக் கேட்டேன். என் ஓய்வூதியத்தில் பாதி. போஸ்டரை விட்டுவிட்டேன். பாதி பெயர்ந்திருந்த ஸ்லிப்பை மட்டும் கேட்டேன். “இதற்கா காசு? சும்மா எடுத்துக்கொண்டு போங்கள்” என்றார். ஐம்பது ரூபாய் கொடுத்துத்தான் வாங்கினேன். சும்மா கொடுத்ததாக இருந்தால் அடுத்த ஸ்லிப்பும் சாக்கடைக்குத்தான் போகும்.

தகட்டை நான் வாங்கிக்கொண்டு, கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, மிச்சத்தை நானே பெயர்த்தேன். ஒரு பழைய காலண்டர் அட்டையின் மேல் விரித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கோட்டையூருக்குக் கொண்டுவந்தேன்.

இளையவர்களுக்கு ஸ்லிப் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். போஸ்டர் சென்னையிலோ சிவகாசியிலோ அச்சாகும். திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் எங்களுக்கும் அதே போஸ்டர்தான். அதில் படத்தின் பெயர் இருக்கும், நடிகர்கள் இருப்பார்கள், இசை, பாடல், டைரக்‌ஷன் எல்லாம் இருக்கும். எந்தக் கொட்டகையில், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை காட்சி என்பது இருக்காது. அதை அந்தந்த ஊர் அச்சகத்தில் ஒரு நீளத் துண்டுத் தாளில் அடித்து, போஸ்டரின் அடியில் ஒட்டுவார்கள். மஞ்சள், ரோஸ், வெளிர்பச்சை என்று அன்றைக்கு எந்தத் தாள் மலிவோ அது. போஸ்டரில் ஊருக்கென்று விடப்பட்ட இடம் அது ஒன்றுதான்.

என் அப்பா காரைக்குடியில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சுக் கோப்பவராக இருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக அழைப்பு, கடை ரசீதுப் புத்தகம், இவற்றோடு இரண்டு கொட்டகைகளின் ஸ்லிப்பும் நோட்டீசும் அங்கேதான் அடித்தார்கள். படம் வெள்ளிக்கிழமை மாறும். ஆகவே வியாழக்கிழமை மாலை கொட்டகை ஆள் சைக்கிளில் வந்து, சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிய நான்கு வரியைக் கொடுத்துவிட்டுப் போவார். படப்பெட்டி வந்து சேர்ந்தது உறுதியான பிறகுதான் அவர் வருவார். சில வாரம் இரவு எட்டு மணிக்குத்தான் அந்தச் சைக்கிள் மணி கேட்கும். அன்றைக்கெல்லாம் அப்பா வீட்டுக்கு வர நடுநிசி ஆகிவிடும்.

பள்ளி விடுமுறை நாட்களில் நானும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். 1974, 75 இருக்கலாம். எனக்கு எட்டு ஒன்பது வயது. ஸ்லிப்புக்கான பெரிய எழுத்துகள் ஈயத்தில் இல்லை, மரத்தில் இருந்தன. மூன்று விரற்கடை உயரம். மை ஊறி ஊறி, கறுத்த எருமைக் கொம்பு போல வழவழவென்று இருக்கும். ‘இன்று முதல்’, ‘தினசரி’, ‘காட்சிகள்’, ‘இன்றே கடைசி’ ஆகிய சொற்கள் வாரா வாரம் வேண்டியவை என்பதால் அப்பா அவற்றைக் கலைக்கவே மாட்டார். கோத்தபடியே நூலால் இறுகக் கட்டி, தனித் தட்டில் அடுக்கியிருப்பார். புதிதாகக் கோக்க வேண்டியது தேதியும் கிழமையும் மட்டும்தான். பிறகு அதைச் சட்டத்தில் வைத்து முடுக்கி, ட்ரெடிலில் ஏற்றி, காலால் மிதித்து மிதித்து இருநூறோ முந்நூறோ அடிப்பார்கள். ஈரம் காயும் வரை கொடியில் துணி போலத் தொங்கும்.

அந்தக் கட்டுகளில் ‘முதல்’ என்ற சொல்லின் ‘மு’ ஒரு நாள் கல் தரையில் விழுந்துவிட்டது. கீழே வளைந்து முடியும் வாலில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. மாற்று எழுத்து வாங்கக் கேட்டும் முதலாளி வாங்கித் தரவில்லை. அப்பாவுக்கு அது பெரிய மனக்குறை. கடைவீதியில் என்னைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது சுவரில் ஸ்லிப்பைப் பார்த்தால் படத்தின் பெயரைப் படிக்க மாட்டார். “வால் தெரிகிறது பார்” என்பார். எனக்கு எலி கடித்த முறுக்கு போல இருக்கும். அந்த உடைந்த வாலை வைத்துத்தான் நகரின் எந்தச் சுவரில் இருப்பது எங்கள் அப்பா கோத்தது, எது வேறு அச்சகத்தில் கோத்தது என்று எனக்குச் சொல்லத் தெரிந்தது.

இப்போது முதல் விஷயத்துக்கு வருகிறேன். போஸ்டர் சேகரிப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒட்டப்படாத, மடிக்கப்படாத, ஸ்லிப் இல்லாத போஸ்டருக்குத்தான் அவர்கள் அதிக விலை தருகிறார்கள். நான் நேர் எதிராக எண்ணுகிறேன். ஒட்டாத போஸ்டர் ஊர் வந்து சேராத போஸ்டர். ஸ்லிப் ஒட்டிய பிறகுதான் அது ‘கோட்டையூர்க்காரர்களே, வெள்ளிக்கிழமை வாருங்கள்’ என்று பேச ஆரம்பிக்கிறது. அதைச் சுரண்டி எடுப்பவர்கள் தபாலில் வந்த கடிதத்தின் முகவரியைக் கிழித்துவிட்டு உறையை மட்டும் சட்டம் போடுகிறார்கள்.

போஸ்டர் ஓவியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கண்ணே திறந்தது. கோட்டையூரிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில் பூட்டிய பெரிய வீடு ஒன்று உண்டு. சொந்தக்காரர்கள் சென்னையில். கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோதான் கதவு திறக்கும். கேட்க ஆள் இல்லாத அந்தச் சுற்றுச்சுவர்தான் போஸ்டர் ஒட்டுபவருக்குப் பிடித்த இடம். சைக்கிள் கேரியரில் போஸ்டர் கட்டு, கைப்பிடியில் பசை வாளி. மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் கலந்த பசை அது. துத்தம் சேர்க்காவிட்டால் பூச்சி அரிக்கும். தென்னைமட்டைத் தூரிகையால் சுவரில் ஒரு பூச்சு, போஸ்டரை விரித்து மேலே ஒரு பூச்சு, கையால் ஒரு நீவல். முடிந்தது. பழையதைக் கிழிக்காமல் அதன் மேலேயே ஒட்டுவார். வருஷக்கணக்கில் அது பலகைத் தடிமனுக்கு ஏறிப்போய், ஐப்பசி மழையில் ஒரு நாள் மொத்தமாகப் பெயர்ந்து விழும். ஆடுகள் வந்து மொய்க்கும். நாங்கள் ஆட்டை விரட்டிவிட்டு ஓரத்தில் நல்லதாக இருப்பதைப் பிய்த்துக்கொண்டு ஓடுவோம். என் நான்காம் வகுப்புப் பூகோளப் புத்தகத்துக்கு அட்டை, ஒரு கதாநாயகனின் இடது கண்.

வீட்டில் எங்கள் அப்பத்தா ஒரு படமும் பார்த்ததில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் தெரியும். ஆனால் போஸ்டரில் யார் நம் பக்கத்து ஆள் என்று தேடுவார். ‘பாடல்கள்: கண்ணதாசன்’ என்று வந்தால், “நம்முடைய சிறுகூடல்பட்டிப் பிள்ளை” என்பார், தன் அக்காள் பேரனைச் சொல்வது போல. ‘ஏவி.எம்.’ என்றால் கேட்கவே வேண்டாம். பிறகு கதை வசனம் எழுதிய பஞ்சு அருணாசலம், அவரும் சிறுகூடல்பட்டிதான். டைரக்டர் எஸ்.பி. முத்துராமன் காரைக்குடி. சுவரில் ஒட்டிய ஒரே தாளில் மூன்று நான்கு சொந்த ஊர்ப் பெயர்கள் இருந்த காலம் அது. நடிகையின் பெயரை அவர் கேட்டதே இல்லை.

ஏவி.எம். பற்றி அப்பா சொன்னது பலவும் பின்னால் படித்துச் சரிபார்த்தவை. ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியில் பிறந்தவர். அவர் குடும்பக் கடையில் கிராமபோன் இசைத்தட்டும் விற்றார்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் காரைக்குடிக்கு அருகே தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டார். பி. நீலகண்டனின் நாடகத்திலிருந்து ‘நாம் இருவர்’ அங்கேதான் படமானது. 1947 ஜனவரியில், பொங்கலையொட்டி வெளிவந்தது; சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பே பாரதியார் பாட்டுகள் அதில் திரையிலிருந்து ஒலித்தன. 1948ல் ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. ரஸ்தா பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் ஜன்னல் ஓரம் மாறி உட்கார்ந்துகொள்கிறேன். பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்ப்பேன். இந்த மண்ணில் எடுத்த அந்தப் படத்துக்கு இந்த ஊரில் ஒட்டிய ஸ்லிப் ஒன்று எங்காவது ஒரு பெட்டியடியில் கிடக்கும் என்ற நினைப்பு என்னை விட்டதில்லை.

ஓவியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். செட்டிநாட்டு வீடுகளில் ரவிவர்மாவின் அச்சுப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் படத்தின் மேலேயே பட்டுத்துணியும் ஜரிகையும் தைத்து, ஜிகினா ஒட்டி, கண்ணாடி போட்டு உள்முற்றத்து வளவில் வரிசையாக மாட்டியிருப்பார்கள். ரவிவர்மா பம்பாயில் 1894ல் அச்சகம் தொடங்கியதால்தான் அந்த முகங்கள் இந்த வறண்ட சீமை வரை வந்தன. அதற்குப் பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த காலண்டர் தெய்வங்கள், சிவகாசியில் அச்சாகி, பெட்டிக்கடை வரை வந்தார்கள். சிறுமியாக இருந்தபோது எனக்குக் காலண்டர் மீனாட்சியின் கன்னமும் போஸ்டர் கதாநாயகியின் கன்னமும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அதே ரோஸ், அதே ஈரமான மினுமினுப்பு. ஒரே ஊர் அச்சகங்களில், ஒரே மாதிரிக் கைகளில் பிறந்தவை என்பதால் அப்படித் தெரிந்ததில் தவறும் இல்லை.

அந்தக் கைகளின் வேலை கல்லச்சு. பவேரியாவில் செனஃபெல்டர் 1796ல் கண்டுபிடித்த முறை. சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்புக் கலந்த மையால் வரைந்து, கல்லை நனைத்தால், வரைந்த இடம் தண்ணீரை ஏற்காது. வரையாத இடம் அச்சு மையை ஏற்காது. அவ்வளவுதான் அதன் ரகசியம். கல்லின் இடத்தில் பிறகு துத்தநாகத் தகடு வந்தது. நிறத்துக்கு ஒரு தகடு. மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. ஓவியர் ஒரு முகத்தை நான்காகப் பிரித்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கன்னத்தில் எவ்வளவு மஞ்சள், அதன் மேல் எவ்வளவு சிவப்பு என்று கணக்கிட்டு, நேரடியாக அச்சிடும் கல்லில் இடவலம் மாற்றி, நிழலைப் புள்ளி புள்ளியாகக் கையால் வைக்க வேண்டும். ஒரு தகடு மயிரிழை நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு விலகிவிடும். விலகிய போஸ்டர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். நான்கு தடவை அந்தத் தாள் மனிதர்கள் கையில் புகுந்து வந்தது அதில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

இதை வைத்தே போலியையும் கண்டுபிடிக்கலாம். இப்போது டீ டிகாக்‌ஷனில் நனைத்துப் பழசாக்கிய நகல்கள் நிறைய வருகின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். கையால் வைத்த புள்ளிகள் தூவிய கோலப்பொடி போல ஒழுங்கில்லாமல் இருக்கும், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கேமராவில் எடுத்துத் திரும்ப அடித்ததில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும், நான்கு நிறமும் சேர்ந்து சின்னச் சின்ன வட்டப் பூப்போலத் தெரியும். ஒரு எச்சரிக்கை: ஆஃப்செட்டில் அடித்த அசல் போஸ்டரிலும் அந்த வரிசை இருக்கும். ஆகவே கல்லச்சு என்று சொல்லி விற்கிறவரிடம் மட்டும் இந்தச் சோதனை செல்லும். அச்சகப் பெயரையும் பாருங்கள். 1867ஆம் வருஷத்துச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் ஊரும் தாளில் இருந்தாக வேண்டியிருந்தது; போஸ்டரின் மூலையில் எறும்பளவு எழுத்தில் இருக்கும். நகலடிப்பவர்கள் அதைப் பல சமயம் மங்கவிட்டுவிடுவார்கள்.

பேனர், கட்-அவுட் பற்றிப் பலர் அருமையாக எழுதியிருக்கிறார்கள். பேனர் வரைந்தவரே எழுதியதும் உண்டு. கோவை ஓவியர் ஜீவாவின் சினிமா எழுத்துக்குத் தேசிய அளவில் அங்கீகாரமே கிடைத்தது. காரைக்குடியில் கொட்டகைப் பின்கட்டில், புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாக ஒரு மூக்கு வளர்ந்து வருவதை நானும் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் பேனர் ஒன்றே ஒன்றுதான், அந்த வாசலிலேயே நிற்கும். போஸ்டர் வீதி வீதியாக நடந்து வரும். அந்த நடைதான் எனக்குப் பெரிது.

அது கடைசியாக எங்கே நடந்து வரும் என்றால் கீற்றுக் கொட்டகைக்கு. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையை ஒட்டி ஒன்று இருந்தது. மதுரையில் ஓடி, காரைக்குடியில் ஓடி, பல மாதம், சில சமயம் பல வருஷம் கழித்துத்தான் படம் அங்கே வரும். ஒரே புரொஜக்டர், ஆகவே நடுவில் மூன்று இடைவேளை. பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், நடுவில் மண்சுவர். டவுன் கொட்டகையில் ஒட்டாமல் மிஞ்சிய போஸ்டர்கள் கட்டாக இங்கே வந்து சேரும். அவற்றில் டவுன் ஸ்லிப் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். அதைப் பிரிக்க யாருக்கு நேரம்? அதன் மேலேயே கீற்றுக் கொட்டகை ஸ்லிப்பை ஒட்டிவிடுவார்கள். டீக்கடைத் தட்டிகளிலும் அதே போஸ்டர்தான். தட்டி வைக்க இடம் கொடுக்கும் கடைக்காரருக்குப் பாஸ் உண்டு. அப்பாவுக்கும் பாஸ் உண்டு. அவர் போனது குறைவு. இரவு மிதித்த காலுக்கு ஓய்வு வேண்டியிருந்தது. பாஸில் அம்மாவும் நானும்தான் போவோம்.

இப்போதைய போஸ்டர்களை நான் வெறுப்பவள் அல்ல. வடிவமைக்கும் பிள்ளைகள் திறமைசாலிகள். தலைப்பு எழுத்தில் அவர்கள் செய்யும் புதுமைகளைப் பார்த்து அப்பா இருந்திருந்தால் பூரித்துப் போயிருப்பார். போன தீபாவளிக்கு வந்த ஒரு போஸ்டரைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு நுணுக்கம். ஆனால் அடியில் ‘உலகமெங்கும்’ என்று போட்டுவிடுகிறார்கள். தேதி இருக்கிறது, உலகம் இருக்கிறது, ஊர் இல்லை. முன்பு ஒரு சின்னக் காலி இடமாவது எங்களுக்கென்று விட்டிருந்தார்கள்.

வாங்கி வந்த ஸ்லிப்புக்கு வருகிறேன். காய்ந்ததும் படித்துப் பார்த்தேன். கீற்றுக் கொட்டகை ஸ்லிப். கொட்டகையின் பெயர் இருந்த முனை பையனின் தகட்டில் போய்விட்டது. மிச்சம் இது: ‘15–8 வெள்ளி முதல். தினசரி மாலை, இரவு 2 காட்சிகள். தரை 35 பைசா.’ வருஷம் எந்த ஸ்லிப்பிலும் இருக்காது. அன்றைக்கு வாழ்ந்தவர்களுக்கு வருஷம் எதற்கு? நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையில் விழுந்த வருஷங்கள் 1947, 1952, 1958, 1969, 1975, 1980, 1986. பைசா என்று மட்டும் போட்டிருக்கிறது. 1957ல் புது நாணயம் வந்தபோது நயா பைசா என்றுதான் பெயர். 1964ல்தான் ‘நயா’வை எடுத்தார்கள். ஆகவே முதல் மூன்று வருஷங்கள் போயின. ‘மாலை’யில் உள்ள ‘லை’யைப் பார்த்தேன். யானைத் துதிக்கை மேலே தூக்கிய பழைய ‘லை’. எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978ல் வந்தது. அந்த ஆணைக்குப் பிறகு புதிய ‘லை’, புதிய ‘னை’, புதிய ‘றா’ என்று பழைய தட்டுகளை ஒழித்து அடுக்கியது அப்பாவுக்கு ஒரு கோடை முழுக்க வேலையாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படியானால் 1969 அல்லது 1975. ஆனால் சின்ன அச்சகங்கள் பழைய மர எழுத்தை உடனே எறிந்துவிடவில்லை. மர எழுத்து விலை அப்படி. அதனால் 1980ஐ முற்றிலும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1975 என்றால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஒன்பது வயது. பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துப் பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். சாயந்திரம் அம்மாவோடு இந்தப் படத்துக்கே போயிருக்கவும் கூடும்.

‘முதல்’ என்பதன் ‘மு’வைப் பார்த்தேன். வால் முழுசாக இருந்தது. இது அப்பா கோத்தது இல்லை. தேவகோட்டையிலோ புதுவயலிலோ அடித்ததாக இருக்கும்.

இத்தனை வருஷத்தில் வால் உடைந்த ‘மு’ எனக்குக் கிடைத்தது மூன்று. ஒன்று பழைய டிரங்குப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. ஒன்று பள்ளத்தூரில் ஒரு பெரியவர் கணக்குப் புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டிருந்தார். மூன்றாவது எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்தது. மூன்றிலும் ஒரு வரிகூட முழுசாக இல்லை. இருந்தும் அவற்றைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

இந்தத் தாள்களை என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்பவர்களிடம் எங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியாரைப் பற்றித்தான் சொல்வேன். கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் கடலை மடிக்கப் போட்டதையெல்லாம் வீடு நிறையச் சேர்த்தார். 1992ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இன்று நிற்கிறது. அவர் வீடு இருந்த ஊரில்தான் நானும் இருக்கிறேன். என் தாள்கள் ஒரு சூட்கேஸ் அளவுக்குத்தான். அதையும் ஒரு நாள் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கத்தான் போகிறேன். பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு ஸ்லிப்புக்கும் தாளின் நிறம், எழுத்தின் உயரம், கிடைத்த இடம்.

புதிய ஸ்லிப்பைப் பட்டியலில் ஏற்றுவதற்காக அளந்தபோதுதான் தடிமன் உறைத்தது. ஒற்றைத் தாளுக்கு இவ்வளவு கனம் இருக்காது. ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். உள்ளே இன்னொரு ஸ்லிப் இருக்கிறது. மஞ்சள் தாள். டவுன் கொட்டகையுடையது. மேலே ஒட்டியதன் எழுத்துகளுக்கு நடுவே அதன் எழுத்துகள் நிழலாகத் தெரிகின்றன. பின்பக்கம் திருப்பிப் பிடித்தால் இன்னும் தெளிவு, கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி. ‘தினசரி’ இருக்கிறது. ஒரு ‘4’ இருக்கிறது. இடது ஓரத்தில், பசை கட்டியாக நின்றுவிட்ட இடத்தில், ‘முதல்’ இருக்கிறது. ‘மு’வின் வளைவு வரை தெரிகிறது. வால் அந்தப் பசைக் கட்டிக்குள் போய்விடுகிறது.

வெந்நீர் ஆவியில் காட்டினால் இரண்டையும் பிரித்துவிடலாம். இதற்கு முன் பாட்டுப் புத்தகங்களை அப்படிப் பிரித்திருக்கிறேன். ஆனால் மேலே இருக்கும் ரோஸ் தாள் ஏற்கெனவே தகடு பட்டு நைந்திருக்கிறது. பிரித்தால் அது நிற்காது. அதில் தேதி கோத்தவரும் யாரோ ஒருவருடைய அப்பா.

பட்டியலில் எழுதினேன்: ‘இரண்டு தாள். மேலே ரோஸ், கீழே மஞ்சள். பிரிக்கவில்லை.’